ஆப்ப சோடாவும் ஆக்ஸிஜனும்

போன ஞாயிற்றுக்கிழமை நாவலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி ஒரு ஜாடியில் கீரையைத் திணித்து, பேனா மாதிரி ஒரு சென்சாரைச் செருகி, ஜன்னல் வெயிலில் வைத்தாள். லேப்டாப்பில் ஆக்ஸிஜன் அளவு ஏறத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பரிசோதனை முடிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எழுபதைத் தாண்டியவள் பேத்தி மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள், படுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் புதுப்பட்டினத்துப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஆசிரியைகள். ஆறாம் வகுப்பு 'ஏ' பிரிவு எனக்கு, 'பி' பிரிவு கதீஜாவுக்கு. நான் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் சேலையெல்லாம் கருவாட்டு வாசனை ஏறிவிடும். அவள் சேலை கசங்கக்கூடக் கசங்காது. கையெழுத்து, குரல், எல்லாம் அவளுக்கு அமைந்திருந்தது. போதாததற்கு வேலம்பாசியும் அவள் பேச்சைக் கேட்டது.

பள்ளிக்குப் பக்கத்துக் குளத்தில் எடுத்த அந்தப் பாசியைத் தண்ணீரில் போட்டு, புனலால் மூடி, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைத்தால் குமிழ் குமிழாக ஆக்ஸிஜன் சேரும். அதில் கனலும் குச்சியை நுழைத்தால் குப்பென்று பற்றும். எங்களுக்குக் குச்சி என்றால் ஊதுவத்திதான். கதீஜா வகுப்பில் பற்றியது. கைதட்டல் என் வகுப்புவரை கேட்டது. நானோ சுத்தமாக இருக்கட்டுமே என்று காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றியிருந்தேன். பேருக்குச் சில குமிழ்கள். ஊதுவத்தியை நுழைத்தேன், புகைந்தது. வாசனை பரவியதும் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து கண்மூடிக் கைகூப்பினார்கள். அவர்களைப் பார்த்து மொத்த வகுப்பும். மீனவர் வீட்டுப் பெண் செல்வி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"இன்னா டீச்சர், அந்த கிளாஸ்ல வந்துச்சாம், நமக்கு மட்டும் இன்னும் வர்லியே?"

சாயங்காலம் கதீஜாவே வந்து குழாயை எட்டிப் பார்த்தாள்.

"காய்ச்சுன தண்ணியா ஊத்துன? அதுல பாசிக்கு வேண்டிய கரியமில வாயு இருக்காதே. கெணத்துத் தண்ணி ஊத்தி ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடு. எங்கம்மா வெச்சிருந்தத எடுத்தாந்தேன்."

பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தூக்கியெறியத்தான் கை துறுதுறுத்தது. போட்டேன்.

மறுநாள் மதியம் குழாய் நிறைந்தது. பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஊதுவத்தி குப்பென்று பற்றியது. வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிஷம் எனக்கு வந்ததில்லை. அதற்குள் செல்வி எல்லாருக்கும் விளக்கிவிட்டாள்.

"கதீஜா டீச்சர் வந்துட்டுப் போனாங்கல்ல, அதான் பத்திக்கிச்சு."

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. குளத்தையும் மூடிவிட்டார்களாம். போன வருஷம் கதீஜா காலமானாள். அவளை ஒரு தடவையாவது மிஞ்ச வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் அடங்கவில்லை. மிஞ்சிக் காட்ட அவள்தான் இல்லை.