எது முதலில் வரணும்?

"எது முதல்ல வரணும்? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமே இல்ல" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எதிரே நின்ற வாடிக்கையாளருக்கு அவசரம் நிறைய இருந்தது. பழுது பார்க்கக் கொடுத்த மடிக்கணினியை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

"ஏதோ ஒண்ண வைங்க சார்."

"அப்படியெல்லாம் வைக்க மாட்டேங்க. இது உங்க மெஷின். உங்க உரிமை."

வாடிக்கையாளர் பேருந்தைத் தவறவிட்டார். உரிமை காப்பாற்றப்பட்டது.

மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் அவருடைய கணினிக் கடை. ஒரே மடிக்கணினியில் லினக்ஸ், விண்டோஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் சண்டையில்லாமல் குடிவைப்பதில் கெட்டிக்காரர். கணினியைப் போட்டதும் இரண்டின் பெயரும் திரையில் வரும். பத்து நொடிக்குள் நாம் எதையும் தொடாவிட்டால், முதலில் வர வேண்டியது என்று எதை அமைத்து வைத்திருக்கிறோமோ அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். லினக்ஸின் சின்னமான பென்குயினை ஹெல்மெட், சாப்பாட்டுப் பை, ஸ்க்ரூடிரைவர் பெட்டி என்று பசை பிடிக்கும் இடத்திலெல்லாம் ஒட்டிவைத்திருப்பதால் தெருவில் அவருக்குப் பென்குயின் என்றே பெயர். நடையும் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தது.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. மனைவியுடையது. அதில் லினக்ஸ்தான் முதலில் வரும். உரிமையாளரிடம் கேட்டாரா என்றால், இல்லை. பெண்டாட்டியிடம் போய் யாராவது படிவம் நிரப்பச் சொல்வார்களா? லினக்ஸைப் போல யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய சுதந்திரமான மென்பொருளைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசுவார். எதிரில் இருப்பவர் எழுந்து போகும் சுதந்திரத்தை மட்டும் அதில் சேர்க்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மடிக்கணினியில் அம்புக்குறியை ஒரு தடவை கீழே தட்டி, விண்டோஸுக்குள் போய், கார் பந்தயம் விளையாடுவார். "அது பொழுதுபோக்கு. கொள்கை வேற" என்பார்.

மனைவிக்கு ஆன்லைன் தேர்வுகளைக் கண்காணிக்கும் வேலை. கேமரா வழியாக முப்பது பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும். காலை எட்டே முக்காலுக்குள் உள்ளே நுழையாவிட்டால் தாமதக் குறி விழும். ஒரு மாதத்தில் மூன்று குறி விழுந்தால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். முதல் குறி, கணினியைப் போட்டுவிட்டுப் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போன பத்து நொடியில் விழுந்தது.

"ஏங்க, அந்த விண்டோஸ முதல்ல வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க" என்று மனைவி அன்றைக்கே கேட்டார்.

"பத்து செகண்டு பக்கத்துல நிக்கக் கூடாதா?"

"நிக்கறேன். நீங்க அடுப்புகிட்ட நில்லுங்க."

அன்று மாலையே பென்குயின் உட்கார்ந்து தட்டினார். "மாத்தியாச்சு" என்றார். மறுநாள் மனைவி நம்பிக்கையோடு கணினியைப் போட்டுவிட்டுத் தலைவாரப் போனார். திரும்பி வந்தபோது லினக்ஸ் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. கணினியை அணைத்து மறுபடி போட்டு உள்ளே நுழைவதற்குள் எட்டு நாற்பத்தெட்டு. இரண்டாவது குறி. மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவருக்குத் தட்டு வரவில்லை, மடிக்கணினி வந்தது.

"மாத்தியாச்சுன்னீங்க."

"மாத்தினேனே. ஃபைல்ல எது முதல்லங்கற நம்பரை மாத்தி சேவ் பண்ணினேன். வேணா திறந்து பாரு."

திறந்து காட்டினார். எண் மாறித்தான் இருந்தது. மனைவி திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணு ஏன் கீழ போகுது?"

"எங்க போகுது?"

"தினம் முப்பது முழிய பாக்கறவ நான். சொல்லுங்க, இன்னும் என்ன பாக்கி?"

பாக்கி ஒரே ஒரு வரி. எண்ணை மாற்றிச் சேமித்தபின் அந்த ஒரு வரிக் கட்டளையையும் கொடுத்தால்தான் மாற்றம் செல்லுபடியாகும். இருபது வருடமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய வரி. அதை அவர் மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது; ஞாபகம் வைத்திருந்தார் என்று சொன்னால் அவருக்கே கோபம் வரும்.

"மாத்திட்டேன்னுதான் சொன்னேன். அமலுக்கு வந்துடுச்சுன்னு சொன்னேனா?"

"பரீட்சையில பசங்களும் இப்படித்தான் சொல்லுவாங்க. புத்தகம் திறந்திருந்துச்சு மேடம், நான் படிக்கலன்னு." மனைவி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இன்னொரு குறி விழுந்தா என் வேலை போயிடும். உங்க கொள்கைக்கு அது சம்மதம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் அந்தக் கார் கேம்ல போட்டிக்கு வர்றேன், பொழுது போகணுமில்ல."

அவர் ஒற்றை விரலால், புதிதாகத் தட்டச்சுப் பழகுபவரைப் போல எழுத்தெழுத்தாக அந்த வரியைத் தட்டினார். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். கணினியை அணைத்து மறுபடி போட்டார். பட்டியல் வந்தது. விண்டோஸின் பெயர் மேல் வெளிச்சப் பட்டை நின்றது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. ஆறில், மேலே லினக்ஸுக்குப் போகும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் அவருடைய வலது ஆள்காட்டி விரல் வந்து நின்றது. மனைவி திரையைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே தன் இடது கையைக் கொண்டுவந்து அந்த விரலைக் கெட்டியாகப் பிடித்து, எண் பூஜ்ஜியம் ஆகும்வரை விடாமல் வைத்திருந்தார்.