மொஹிங்காக் கயிறும் சிவப்பு நூலும்

நூல் என்பது அழகுக்குத்தான், ஆளைத் தாங்குவது இரும்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். கயிற்றில் தொங்குகிறவர்களுக்கான ஹார்னெஸ் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலையில், தலை நரைக்கும்வரை பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருப்பவன் சொன்னால் கொஞ்சம் இடிக்கும்.

யாங்கோனின் ஓரத்தில், லைங் தாயாவில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. ஹார்னெஸ் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. இடுப்பைச் சுற்றி ஒரு தடித்த பட்டை, தொடைக்கொன்றாக இரண்டு பட்டை, தொப்புளுக்கு நேரே கயிற்றை மாட்ட ஒரு துணி வளையம். அதில் இரண்டு ஜாதி உண்டு. மஞ்சளும் நீலமுமாய்ப் பளபளப்பது விடுமுறையில் மலையேறுகிறவர்களுக்கு. கறுப்பும் மண்ணிறமும் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குகிற படைக்காரர்களுக்கு. எந்த நாட்டுப் படை என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம் அதிகம்.

கறுப்புப் பட்டையில் வேண்டுமென்றே சிவப்பு நூல் போட்டுத் தைப்பார்கள். குறுக்காக, நெருக்கமாக, போன இடத்துக்கே திரும்பத் திரும்ப ஊசி போய்வருகிற குட்டைத் தையல். ஓர் இழை கிளம்பினாலும் சட்டென்று கண்ணில் படட்டும் என்றுதான் அந்தச் சிவப்பு. எனக்கு அது பாவாடைக் கரையாகத்தான் தெரிந்தது. மூலையில் ஒரு சோதனை இயந்திரம் உண்டு. ஹார்னெஸை மாட்டி, அறுகிறவரை இழுக்கும். அறும்போது மாமரக்கிளை முறிகிற மாதிரி சத்தம் கேட்கும். அதற்கு முன்பே நான் காதைப் பொத்திக் கண்ணையும் மூடிக்கொள்வதால், கடைசியில் எது அறுந்தது, எது நின்றது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தச் சிவப்புத் தையலைப் போடுகிறவள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிற த்வாண்டே ஊர்க்காரி ஒருத்தி. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே வேலை செய்வாள். ஒருநாள் அவளிடம் வாயைக் கொடுத்தேன்.

“என்னம்மா, ரவிக்கைக்குப் பூ வேலையா?”

“ஸயா ஒரு நாளைக்கு இதுல தொங்கிப் பாருங்க. தொங்கிட்டு வந்து பூ வேலையான்னு கேளுங்க.”

ஸயா என்பது அங்கே மேலாளுக்குக் கொடுக்கிற மரியாதை. அந்த மரியாதையில் பாதியை அவள் விதைத்தோலோடு சேர்த்துத் துப்பிவிடுவாள். லைன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாம் அவள் வாய் முகூர்த்தம்.

எங்கள் வீடு நகரத்துக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், ஆறாம் மாடியில். இப்படிப்பட்ட வீடுகளில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு மெல்லிய கயிறு தெருவரைக்கும் தொங்கும். கீழ்முனையில் ஒரு கிளிப், மேல்முனையில் ஒரு மணி. பேப்பர்காரரோ சாப்பாடு விற்கிறவரோ சாமானைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றைச் சுண்டினால் மேலே மணி அடிக்கும், நாம் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். சாவியை மறந்துவிட்டுப் போனவர்களுக்குச் சாவி இறங்குவதும் அதில்தான். படியேறாமல் வாழ யாங்கோன்காரர்கள் கண்டுபிடித்த வழி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தது. மொஹிங்கா வந்திருந்தது. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் மிதக்கும் எங்கள் காலைச் சாப்பாடு. என் மனைவி அப்போதுதான் பால்கனியைக் கழுவிவிட்டிருந்தாள். நான் எட்டிக் கயிற்றை இழுத்தேன். மொஹிங்கா மேலே வந்தது, என் கால் பின்னால் போனது. முழங்காலுக்குக் கீழே ஏதோ ஒன்று பென்சில் போல முறிந்தது. கையிலிருந்த கயிறு நழுவ, பை தெருவில் போய் வெடித்தது.

“ஊலே! கயித்த விட்டுட்டீங்களே!” என்று கீழேயிருந்து மொஹிங்காக்காரி கத்தினாள். ஊலே என்றால் மாமா. கயிற்றை மட்டும்தான் விட்டேன் என்று அவள் நினைத்தாள்.

தெருமுனை மருந்துக்கடை பாய் மூச்சிரைக்க ஆறு மாடியும் ஏறி வந்தார். காலைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“பாதம் சில்லுன்னு இருக்கு. நகம் வெளுத்துப்போச்சு. எலும்பு ரத்தக்குழாயை அமுக்குது போல. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலைன்னா பாதத்துக்கு நான் பொறுப்பில்ல, பாத்துக்கங்க.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கினார்கள். எங்கள் கட்டடத்துப் படிக்கட்டு ஏணிக்குத் தம்பி. முதல் திருப்பத்திலேயே ஐந்தாம் மாடிக்காரர் வைத்திருந்த ஜெனரேட்டரும் தண்ணீர் டிரம்முகளும் வழியை மறித்தன. நாற்காலி சாய்ந்தது. நான் போட்ட கூச்சலில் தெருவில் போன சைக்கிள் ரிக்‌ஷா நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். என்னைத் திரும்பவும் மேலேயே கொண்டுவந்து கிடத்தினார்கள்.

அப்போதுதான் வட்டாரத்து மீட்புத் தொண்டர்களுக்கு போன் போனது. மூன்று இளைஞர்களும் அவர்களுக்குத் தலைவியாக ஒரு பெண்ணும் வந்தார்கள். வாரநாளில் செல்போன் கடையில் வேலை, விடுமுறை கிடைத்தால் பா-அன் பக்கம் போய்ச் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறுகிறவள். படிக்கட்டைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள்.

“வெளிப்பக்கமா இறக்கிடலாம். இப்ப கரண்ட் இல்லை. கீழ மின்கம்பி சுவரை ஒட்டிப் போகுது, கரண்ட் வந்துட்டா இந்த வழி கிடையாது,” என்றாள் பர்மியத்தில்.

மின்வெட்டை வாழ்க்கையில் முதல்முறையாக வாழ்த்தலாமா திட்டலாமா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவியிடம் தமிழில் சொன்னேன்: “இந்தக் குட்டிப் பொண்ணு என்னைக் கொல்லாம விடாது. ஒப்புக்காதே.”

“கொல்ல மாட்டேன் ஊலே,” என்றது அந்தக் குட்டிப் பெண், கொஞ்சம் உடைந்த தமிழில். “எங்க ஆச்சி தமிழ்தான். எனக்குப் புரியும், பேசத்தான் வராது.”

பிறகு பையைத் திறந்து கறுப்பு ஹார்னெஸை எடுத்தாள். சிவப்புத் தையல். எங்கள் தொழிற்சாலை இந்தத் தொண்டர்களுக்கு நன்கொடையாகக் கொடுத்த பெட்டியிலிருந்து வந்தது. அந்தப் பெட்டியைக் கட்டி அனுப்பியவன் நான்தான்.

“இரும்புச் சங்கிலி இல்லையாம்மா?”

“சங்கிலி நாய்க்கு, ஊலே.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை என்று நினைத்தேன், சிரிப்பு. “இருபது பேருக்கு முன்னாடி வியாக்கியானம் பண்ணாதீங்க. கால் வேணுமா வேணாமா?” என்றாள்.

காலுக்கு மரச்சட்டம் வைத்துக் கட்டினார்கள். எனக்கு ஹார்னெஸை மாட்டினார்கள், மார்புக்கும் ஒரு பட்டை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் கான்கிரீட் தூணில் ஒரு கயிறு, படிக்கட்டு அறையின் தூணில் இன்னொரு கயிறு. ஒன்று போனால் மற்றது பிடிக்குமாம். ஒன்று போகும் என்கிற நினைப்பே எனக்கு வேண்டியிருக்கவில்லை. கைப்பிடிச்சுவர் விளிம்பு கயிற்றை உரசாமலிருக்க என் கைலிகளை மடித்து வைத்தார்கள், புதுக் கைலி உட்பட. அவள் தன் ஹார்னெஸில் ஒரு கைப்பிடிக் கருவியை மாட்டிக்கொண்டாள். அழுத்தினால் கயிறு ஓடும், விட்டால் நின்றுவிடும். நாங்கள் இருவரும் ஒரே இரும்புக் கொக்கியில் சேர்ந்தோம்.

அந்தக் கொக்கியைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. இரும்பு! என் நம்பிக்கை வீண்போகவில்லை என்று அதையே பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது: கொக்கி மாட்டியிருந்தது என் தொப்புளுக்கு நேரே இருந்த துணி வளையத்தில். அந்த வளையத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது சிவப்பு நூல். அந்த இரும்புக்கும் எனக்கும் நடுவே வேறு ஒன்றுமே இல்லை.

“நிறுத்து!” என்றேன். “இதைத் தைச்சவ சூரியகாந்தி விதை தின்னுக்கிட்டே தைப்பா!”

“நல்ல விதையா இருக்கும்,” என்றாள். பால்கனிச் சுவருக்கு வெளியே என்னைத் தள்ளினார்கள்.

பாரம் ஏறியது. பட்டை ‘நெறுக்’ என்று ஒருமுறை முனகி, பிறகு வாயை மூடிக்கொண்டது. நான் மூடவில்லை. தெரிந்த சாமி பெயர்களெல்லாம் தீர்ந்து, மனைவி வீட்டுக் குலதெய்வத்துக்குப் போயிருந்தேன். கை எதையாவது பிடிக்கத் துழாவியது. விரல் தடிமனில் மீட்புக் கயிறுகள் கண்முன்னே இருக்க, என் கை போய்ப் பிடித்தது எங்கள் பால்கனிக் கயிற்றை. மேலேயிருந்து பத்திரமாக எதையும் இறக்குகிற கயிறு அதுதானே! மணி கணகணவென்று அடித்தது.

“ஊலே, அதை விடுங்க. அது மொஹிங்காவுக்கு.”

அதை விட்டேன், ஐந்தாம் மாடிக் கயிற்றைப் பிடித்தேன். அந்த மணியும் அடித்தது. அதை விட்டு நாலாம் மாடிக் கயிறு. மாடிக்கு மாடி மணி அடிக்க, சாமான் வந்திருக்கிறது என்று எல்லோரும் பால்கனிக்கு ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால் நான் போய்க்கொண்டிருந்தேன். நாலாம் மாடி அம்மாள் ‘தனக்கா’ மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னத்தில் கைவைத்து நின்றாள். அவளுடைய பேரக்குழந்தை எனக்கு டாட்டா காட்டியது.

மூன்றாம் மாடியருகே தலைவி கைப்பிடியை விட்டாள். நின்றோம். கீழேயிருந்த இளைஞன் என் காலை மின்கம்பியிலிருந்து ஒதுக்க ஒரு கயிற்றால் எங்களை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். அந்த இடைவெளியில் மணிகள் ஓய்ந்தன. வேறு போக்கிடம் இல்லாமல் தொப்புளைப் பார்த்தேன்.

சிவப்புத் தையல் அப்படியே இருந்தது. தனியாக எடுத்தால் நான் பல்லால் கடித்து அறுக்கிற நூல். அது போய், திரும்பி, மறுபடி போய், தன்மேலேயே படுத்து, ஓர் இழையின் சுமையைப் பக்கத்து இழை வாங்கிக்கொண்டு கிடந்தது. என்னையும், என் கூச்சலையும், ஆயுசு முழுக்கத் தின்ற சோற்றையும் தாங்கிக்கொண்டு அலட்டிக்கொள்ளாமல் இருந்தது. என் வாய் தானாக மூடியது. தெருமுனையில் புத்தர் கோயிலின் பொற்கோபுரம் வெயிலில் எரிந்தது. எத்தனையோ வருடம் குடியிருந்தும் அது அங்கிருந்து அப்படித் தெரியும் என்று நான் அறிந்ததில்லை. காற்றில் மெல்லச் சுழன்றோம். தொழிற்சாலைத் தையல் ஹாலில் வரிசையாகக் குனிந்திருக்கும் தலைகள் நினைவுக்கு வந்தன. அவர்கள் தைத்துப் போட்டதில், இந்த நேரத்தில், உலகத்தில் எங்கெங்கோ முகம் தெரியாத எத்தனை பேர் என்னைப்போல அந்தரத்தில் இருப்பார்கள்! அந்த ஆட்களுக்கும் பாதாளத்துக்கும் நடுவே விதை கொறிக்கிற ஒருத்தியின் கை. இத்தனை நாளும் அதை நான் பிளாஸ்டிக் பையில் மடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஊலே, பேச்சையே காணோம். மயக்கமா?”

“இல்லம்மா. பூ வேலையைப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவளுக்குப் புரியவில்லை. கைப்பிடியை அழுத்தினாள். கம்பியைத் தாண்டி, மொஹிங்காக்காரியின் குடையைத் தாண்டி இறங்கினோம்.

“இன்னிக்குப் பார்சல் மேலேயிருந்து வருது!” என்று மொஹிங்காக்காரி அறிவித்தாள். தெரு கைதட்டியது. பாய் முதலில் பிடித்தது என் பாதத்தைத்தான். என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கட்டடத்தில் விளக்குகள் எரிந்தன, யாரோ வீட்டு டிவி பாட ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் எலும்பை நேராக்கித் தகடு வைத்தார்கள். ராத்திரிக்குள் பாதம் சூடானது. தலைவி ஹார்னெஸை விரித்து ஒவ்வொரு தையலையும் பார்த்ததாகவும், ஓர் இழைகூட நகரவில்லை என்றும் மனைவி வந்து சொன்னாள். அறுந்தது நாலாம் மாடி மணிக்கயிறு ஒன்றுதான்.