அப்பா பெயரைக் கேட்டவர்கள்

இலங்கையில் சண்டை ஓய்ந்து சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பத் தொடங்கியிருந்த இரண்டாயிரத்து மூன்றில், ஜெர்மனிக்குப் பத்து நாள் ஆசிரியர் பயணம் ஒன்று வாய்த்தது. எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையிலிருந்து என்னையும் இன்னொரு டீச்சரையும் தெரிவு செய்திருந்தார்கள். அனுப்பியிருந்த நிகழ்ச்சி நிரலில் ஐந்தாம் நாள் பிற்பகல் மட்டும் எங்கள் விருப்பம். யூதர் படுகொலை நினைவு அருங்காட்சியகம், இல்லாவிட்டால் கடைத்தெரு. இரண்டு பேரும் சேர்ந்தேதான் போகவேண்டும், திங்கட்கிழமை பதிலைத் தபாலில் போட்டாக வேண்டும்.

"கடைத்தெருன்னு எழுதிப் போடுங்க டீச்சர்," என்றாள் அவள், பண்டாரவளை பஸ்ஸுக்கு நிற்கும்போது. "செத்தவங்களப் பாக்கவா இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறிப் போறோம்? நம்ம ஊர்ல இல்லாத சாவா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறிவிட்டது. "நம்ம ஊர்ல செத்தவங்கள எங்க போயிப் பாக்குறதாம்? எடத்தச் சொல்லுங்க, நான் கடைக்கே வர்றேன்," என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் வரும் பக்கம் பார்த்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

உண்மையில் போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம். போனால் அந்தச் செத்தவர்களின் முகங்களுக்கு நடுவில் அப்பாவைத் தேடுவேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

அப்பா பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கியபோது அம்மாவையும் என்னையும் அகதிகள் கூடியிருந்த பாடசாலை ஒன்றில் கொண்டுவந்து விட்டார். "மொதலாளியம்மா தனியா இருக்காங்க, கூட்டிக்கிட்டு வந்துர்றேன்," என்று போனார். வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. பிறகு மாமா எங்களைப் பூனாகலைத் தோட்டத்துக்கு அழைத்துவந்தார், அம்மா கொழுந்து பறிக்கப் போனாள்.

பள்ளிக்கூடப் படிவமாகட்டும், அடையாள அட்டையாகட்டும், அப்பா இறந்துவிட்டார் என்று எழுத அம்மா ஒருநாளும் விட்டதில்லை. "இருக்காருன்னு எழுது," என்பாள். மரணச் சான்றிதழ் இல்லை, திவசம் இல்லை. மழை நாளில் யாராவது வாசலில் சேற்றுக்காலைத் தட்டினால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம். இருபது வருஷம் இப்படியே ஓடியது.

பதில் எழுதவேண்டிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அருங்காட்சியகத்தின் சிறு கையேட்டை அகராதியோடு படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு படம், தரையிலிருந்து கூரைவரை பெயர்கள் எழுதிய சுவர். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னாது, செக்ரோலா?" என்றாள். தோட்டத்தில் வேலையாட்களின் பெயர் எழுதும் புத்தகம் அது. அவள் பார்த்த பெயர்ப் பட்டியல் அது ஒன்றுதான்.

"இல்லம்மா, செத்தவங்க பேரு. வீடு பூந்து புடிச்சிட்டுப் போயி, கூட்டங்கூட்டமா கொன்னுருக்காங்க. பேருகூட மிஞ்சாமப் பண்ணப் பாத்தாங்களாம். இவங்க ஒவ்வொரு பேராத் தேடி எழுதுறாங்க. இன்னும் முடியலயாம், தெரிஞ்சவங்க வந்து சொன்னா சேத்துக்குவாங்களாம்."

அம்மாவின் கை நின்றது.

"அன்னைக்கு அந்தக் கிளார்க் ஐயா கேட்டாரு," என்றாள்.

யார் என்று எனக்குத் தெரியும். அந்த அகதி முகாமில், தன் வீட்டையும் எரியக் கொடுத்த ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க், காணாமல் போனவர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். "உங்கட மனுசன்ர பேரைச் சொல்லுங்கோ அம்மா, எழுதுறன்," என்று கேட்டிருக்கிறார். எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையுமாம். சொல்லியாகவேண்டிய இடத்தில் பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். அம்மா என்னைத் தேடியிருக்கிறாள். நான் வாளியோடு தண்ணீர் வரிசையில் நின்றேன். வந்து பார்த்தபோது அவர் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். மறுநாள் வடக்கே போகிற பஸ்ஸில் அவரையும் ஏற்றிவிட்டார்கள். வேறு யாரிடம் சொல்வது என்று தெரிவதற்குள் முகாமையே கலைத்தார்கள். அப்பா எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஒரு பெயரைச் சொல்ல வாய் வரவில்லையே என்று அம்மாமீது எனக்கு அவ்வளவு கோபம். என்மீது அதைவிடக் கோபம்.

"அங்க போ," என்றாள் அம்மா. "பேரு சொல்றேன், எழுதிக்க. கொண்டுபோயிக் குடு."

"அம்மா, அது வேற சனங்களுக்கு..."

"வேற சனம்னா என்னாடி? அவங்களும் வீட்டுல இருந்தவங்கதானே?"

நான் பேனாவை எடுத்தேன். அம்மா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் பெயரைச் சொன்னாள். அவருடைய அப்பாவின் பெயரையும் சேர்த்து, முழுசாக, ஒரு தடவை. அந்தப் பெயரை அம்மாவின் குரலில் நான் அதுவரை கேட்டதே இல்லை. பதில் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"படி," என்றாள்.

படித்தேன்.

"ஆமா. அவருதான்."

அவ்வளவுதான், முறம் சரிந்து அரிசி தரையெல்லாம் கொட்டியது. அம்மா மாரில் அறைந்துகொண்டு ஓவென்று அழுதாள். இருபது வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. லயத்தில் ஒட்டி ஒட்டி இருந்த வீடுகளிலிருந்து சனங்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். "என்னா டீச்சர், என்னா ஆச்சு? யாருக்கு என்னா?" என்று வாசலில் நின்று கேட்டார்கள்.

"எங்க அப்பா செத்துட்டாரு," என்றேன்.