மணிக்கூண்டு சீரியலும் வள்ளூர் சம்பந்தமும்

சுகிர்தா அக்காவின் காது கேட்க "டிவியில் ஒன்றுமே இல்லை" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தார்கள். பொன்னேரியில் கம்பெனி பஸ் ஏறும்போது திறக்கிற வாயை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறங்குகிற வரைக்கும் மூடமாட்டாள். அத்தனையும் இங்கிலாந்து சீரியல்.

நான் நர்மதா. கார் பாகங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவள் படித்தது பிளஸ் டூ. அந்த ஊர்க்காரர்கள் வாயில் இட்லியை வைத்துக்கொண்டு பேசுவது போல்தான் முதலில் அவளுக்குக் கேட்டதாம். அடியில் ஓடும் எழுத்தைப் படித்துப் படித்தே பழகிவிட்டாள். "எழுத்து வரலன்னா எனக்குக் காதே கேக்காதுடி" என்பாள், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

"ஏன்க்கா, நம்ம ஊரு சீரியலுக்கு இன்னா கொறச்சல்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அதுல ஆறே எபிசோடுடி. நம்மூர்ல ஒருத்தி சட்னி அரைக்கிறதுக்கே ஆறு எபிசோட் ஆவுது. அப்பால அந்த மழைக்கோட்டு போலீஸ்காரம்மாவப் பாரு. அம்பது வயசு, மூஞ்சில பவுடர் கூட இல்ல, முட்டி வலி வேற. அவதான்டி ஈரோயினி! நம்மூர்ல என் வயசுக்காரிக்கு இன்னா வேஷம் குடுப்பான்? மூலையில உக்காந்து அழுவச் சொல்வான்."

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு மின்னல். நானும் அன்றைக்கே விழுந்துவிட்டேன். பஸ்ஸின் பின் சீட்டில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. இங்கிலீஷ் பேர் எவள் வாயிலும் நுழையாததால் நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். மழைக்கோட்டு, பூசணிக்காய்ச் சண்டை, கலெக்டர் மாதிரி இருக்கிற பூனை. டிரைவர் எங்களைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கம்பெனியில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் முதலில் வருகிற பீஸை அக்கா அளந்து பார்ப்பாள். அவள் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிச்சமெல்லாம் ஓடும். சீரியலுக்கும் அதே வழக்கம். முதல் எபிசோடை அவள் பார்த்து "ஓகே" சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் நாங்கள் தொடுவோம். கார் பாகத்துக்குச் சரி. சீரியலுக்கு இப்படி ஒரு அப்ரூவல் கொடுக்கலாமா என்று எங்கள் ஒருத்திக்காவது உறைத்ததா? கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் அவள் மகன் ஸ்டீபனுக்கு வள்ளூரில் பெண் பார்க்கப் போனோம். அவன் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். பெண் ஜெனிபர், பி.காம். இரண்டு பேருக்கும் பார்த்த உடனே பிடித்துப்போய்விட்டது, ஆளுக்கொரு பக்கம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பெண்ணின் அப்பா அந்தோணிதான் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், கோயில் கமிட்டியில் இருக்கிறவர். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களை "மனசுக்குப் படல" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பியவர். கேசரி தின்று முடித்தும் பேச்சு வரவில்லை. கடைசியில் சும்மா இருக்க முடியாமல் டிவியைப் பார்த்து, "இதுல குடும்பத்தோட உக்காந்து பாக்கற மாதிரி ஒண்ணுமே இல்ல" என்றார்.

போச்சா!

"அண்ணா! யாரு சொன்னது?" என்று அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "இப்பதான் ஒண்ணு பாத்தேன். ஒரு சின்ன ஊரு, ஒரு மாதா கோயிலு, மணிக்கூண்டுல மணி ஒடஞ்சி கெடக்கு. ஒரு விதவையம்மா, அம்பத்திரெண்டு வயசு, அத்த சரி பண்ண ஊரெல்லாம் போயி கேக் வித்துக்கினு கீது. கதையே கோயிலுக்குள்ளதான். நான் கேரன்டி!"

அந்தோணி முகத்தில் முதல் முறையாக ஒரு அசைவு தெரிந்தது. பேரைக் குறித்துக்கொண்டார். "யோசிச்சு சொல்றேன்" என்று எங்களை அனுப்பிவைத்தார். அதிலிருந்து ஸ்டீபன் தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் "போன் வந்துச்சாம்மா?" என்று கேட்பதும், இல்லை என்றதும் பாதிச் சோற்றோடு எழுந்துகொள்வதுமாக இருந்தான்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் அவள் பஸ்ஸுக்குள் ஆடிக்கொண்டே ஏறினாள். "வள்ளூர் அண்ணன் போன் பண்ணாருடி! மொத எபிசோட் ரொம்பப் புடிச்சிடுச்சாம். இன்னிக்கு சாய்ந்தரம் தங்கச்சி குடும்பத்தையும் கூப்ட்டு வெச்சிக்கினு ரெண்டாவது பாக்கப் போறாராம்."

நான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் முன் சீட்டுக்காரியின் முதுகில் போய் விழுந்தது.

"அக்கா... நீ ரெண்டாவது எபிசோட் பாத்தியா?"

"இன்னும் இல்ல. ஏன்டி?"

"பிளம்பர் ஒருத்தன் வரான்க்கா. மணிக்கூண்டுக்கு. அந்தம்மாவும் மேல ஏறுது."

"ஏறி?"

காதில் சொன்னேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கோயில் மணிக்கூண்டுலயா?" என்றாள். "மணிக்கு அடியிலயே" என்றேன். "ஐயோ மாதாவே, என் புள்ள வாழ்க்கைல நானே மண்ணள்ளிப் போட்டுட்டனே!"

பஸ்ஸிலேயே அந்தோணிக்குப் போட்டுப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. கம்பெனியில் செல்போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாள் முழுக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே, நல்ல பீஸுக்கெல்லாம் ரிஜெக்ட் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து போன் கைக்கு வந்ததும் போட்டாள். ஜெனிபர்தான் எடுத்தாள். "அத்தை, எல்லாரும் உக்காந்துக்கினு இருக்கோம். அப்பாவோட தங்கச்சி ஊட்டுக்காரங்க வர்றதுக்குத்தான் வெயிட்டிங். நீங்களும் வாங்களேன்!"

பொன்னேரியில் இறங்காமல் மீஞ்சூர் வரைக்கும் போய், ஷேர் ஆட்டோவில் அடித்துப் பிடித்து ஏறினோம். "நேரா போயி மெயின ஆஃப் பண்ணிடலாமா?" என்றாள். "கரண்ட் போச்சுன்னு சொல்லிடலாம்."

"பவர் பிளான்ட்டுக்குப் பக்கத்து ஊட்ல போயா?" என்றேன். அவள் ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள்.

நாங்கள் போகும்போது எபிசோட் ஓட ஆரம்பித்திருந்தது. ஹால் நிறைய ஆட்கள். ஜெனிபர் அவள் அம்மா முத்தம்மாவுக்கு வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா டிவிக்கு முன்னால் போய் நின்று நலம் விசாரித்தாள். "மறைக்குதும்மா" என்றார்கள். இருமினாள், தண்ணீர் கேட்டாள். பூசணிக்காய்ச் சண்டையின் கதையைச் சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டாள். ஒருத்தரும் அசையவில்லை. திரையில் பிளம்பர் வந்துவிட்டான்.

"அந்தம்மா சொல்றாங்க, மேல வந்து மணியப் பாருங்கன்னு" என்றாள் ஜெனிபர். "அவன் சொல்றான், ஏணி ஆடுதுன்னு. அந்தம்மா சொல்றாங்க..." அவ்வளவுதான், ஜெனிபருக்குக் குரல் போய்விட்டது.

அப்புறம் நம் வீடுகளில் எல்லாம் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. முத்தம்மா கொடியில் துணி கிடக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்தோணியின் தங்கை சீலிங் ஃபேனை ஆராய்ச்சி செய்தார். தங்கையின் வீட்டுக்காரர் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தோணி சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஹாலை எட்டிப் பார்த்து, "முடிஞ்சிச்சா?" என்று கேட்டு, வந்து உட்கார்ந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. எபிசோட் முடிந்ததும் மறுபடியும் சமையலறைக்குப் போனார்.

அக்கா பின்னாலேயே ஓடினாள். நானும் போனேன். கையைக் கூப்பிக்கொண்டு நின்றவள், வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கப் போனவள், சட்டென்று நின்றுவிட்டாள். எத்தனை வருஷமாகப் பீஸ் பார்க்கிற கண்!

"அண்ணா," என்றாள் மெதுவாக. "அவங்க ஏணில கால வெக்கறதுக்கு முன்னாடியே நீங்க எழுந்து போயிட்டீங்களே?"

அந்தோணி தண்ணீர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹால் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஆறும் பாத்துட்டேம்மா. மொட்ட மாடில, இயர்போன் மாட்டிக்கினு. முத்தம்மா நான் ஜெபம் கேக்கறன்னு நெனச்சிக்கினு கீது. பாத்துட்டு யாராண்ட பேசறது சொல்லு? நெஞ்சே வெடிச்சிடும் போல ஆயிடுச்சு. அதான் எல்லாரையும் உக்கார வெச்சி மறுபடியும் போட்டேன். ஒரு நிமிஷ சீனுக்காக அவ்ளோ நல்ல கதைய உட முடியுமா? அஞ்சாவது எபிசோட்ல அந்த பாதிரியாரு இன்னா பண்றாரு தெரியுமா, அவரு அந்த மணிய..."

"வாய மூடுங்கண்ணா!" என்று அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்திவிட்டாள். "நான் இன்னும் பாக்கல!"

எனக்கு உயிரே போய்விட்டது. பெண்ணைப் பெற்றவரை, அவர் வீட்டுச் சமையலறையிலேயே நின்று, வாயை மூடு என்கிறாளே! முடிந்தது கதை, ஸ்டீபன் இனிமேல் பட்டினிதான் என்று நினைத்தேன்.

அந்தோணி வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "தப்புதான், தப்புதான் தங்கச்சி. அப்ப சீக்கிரமா பாத்து முடிச்சிடு. நிச்சயதார்த்தத்து அன்னிக்கு நாம ரெண்டு பேரும் ஒரு ஓரமா உக்காந்து பேசணும்."

"எந்த நிச்சயதார்த்தம்?" என்றாள் அக்கா.

"நம்ம பசங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. மனுஷர் பதறிப்போய்விட்டார். டம்ளரில் தண்ணீரைப் பிடித்து அவள் கையில் திணித்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"அழுவாத தங்கச்சி, அழுவாத. எல்லாம் நல்லபடியா முடியும். கடைசில அந்த மணியும் அடிக்குது, ஊர உட்டுப் போன பிளம்பரும் திரும்பி வந்து அந்தம்மாவையே கட்டிக்கிறான்!"

அழுகை சடாரென்று நின்றது. அக்கா தலையைத் தூக்கி, கண்ணீர் வழிகிற முகத்தோடு அவரை முறைத்தாள்.

"சம்பந்தீ...!" என்று அவள் போட்ட கூச்சலில் ஹாலில் இருந்த அத்தனை பேரும் சமையலறைக்கு ஓடிவந்தார்கள்.