கெம்பம்மாக்கா புளி போட்டுத் தேய்த்த காசு

நம் சந்தையின் மைக்கில்தான் செய்தி வந்தது. காணாமல் போன வெள்ளாட்டுக்கும் வழியை அடைத்து நின்ற தக்காளி லாரிக்கும் நடுவே, "பாட்டில் விக்கிற கெம்பம்மா அவங்க தவறிட்டாங்க" என்றார் மைக் செட்காரர். 'அவங்க' என்றதைக் கேட்டுச் சிலர் வேறு யாரோ என்று நினைத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் வரை அதே மைக்கில் கெம்பம்மாக்காவுக்குப் பெயர் "ஏய் பாட்டிலு, மூட்டைய நகத்து"தான்.

சந்தைக்காரர்களே, நீங்கள் எல்லாரும் அவரிடம் எதையாவது வாங்கியவர்கள்தான். வெளியே சொல்லமாட்டீர்கள். இடிக்கிற வீடு, தூர் வாருகிற கிணறு, மழை அரித்த ஓடை என்று அலைந்து பொறுக்கிய சோடா பாட்டில், மை பாட்டில், சாவியில்லாத பூட்டு எல்லாம் அவர் தார்ப்பாயில் கிடக்கும். பிள்ளையின் அரைஞாணில் கட்ட ஓட்டைக் காலணா, வாசலில் அடிக்க லாடம் எதற்கும் அவரிடம்தான் வருவீர்கள். வாங்கிப் போய் மஞ்சள் தண்ணீரில் கழுவிக்கொள்வீர்கள்.

அவர் உட்கார்ந்தது கோழிக்கடைச் சாக்கடை ஓரம். பழைய சார்ஜர் விற்கிற என் விரிப்பு அதற்கு அடுத்து. தகரக் கொட்டகையின் கீழே ஓர் இடம் வேண்டும் என்று வாரா வாரம் கேட்பார். "குப்பைக்கு எதுக்கும்மா கூரை?" என்பார் சந்தைக் குத்தகைக்காரர். சுங்கம் மட்டும் கொட்டகைக் கடைகளுக்குச் சமமாக வாங்குவார். அப்போது குப்பை நாறாது.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பழங்காசு சேர்க்கிறவராம். பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறிக் கிடந்த செப்புக் காசுகளைக் கையில் ஏந்தி, கோயில் பிரசாதம் போலப் பார்த்தார். "எல்லாம் எனக்குத்தான், அடுத்த வாரம் வரேன்" என்று போனார்.

நல்ல ஆள் வருகிறார் என்றால் நம் ஊரில் என்ன செய்வோம்? விளக்கிலிருந்து தவலை வரை புளி போட்டுத் தேய்ப்போம். கெம்பம்மாக்காவும் தேய்த்தார். அடுத்த சந்தையில் காசுகள் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னின. வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே! அழுக்கெல்லாம் போச்சே!"

"அழுக்குதானுங்க சார் போகணும்?"

"அந்த அழுக்குக்குத்தாம்மா விலை!"

அக்கா ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, இத்தன வருசம் அழுக்குன்னு என்னைய ஒதுக்கி வெச்சானுங்களே, அப்ப நான் என்ன வெல போயிருப்பேன்?" என்றார். பெங்களூர்க்காரருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டில்களையாவது கழுவாமல் வைக்கச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் அவரோடு ஆட்களும் வந்தார்கள். கொட்டகை முன்னால் காரை நிறுத்திக் குத்தகைக்காரரிடமே, "அந்த அம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடை வரை அவரே வழிகாட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் கொட்டகையில் இடம் ஒதுக்கினார். "ஆனா சுத்தமா வரணும்" என்று நிபந்தனை போட்டார்.

"சுத்தமா வந்தா வெல போயிருமுங்க" என்றார் அக்கா.

முதல் நாளே பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் தன் குண்டான்களை ஒரு முழம் தள்ளி வைத்தார். "உன் சாமான் என் பாத்திரத்துல படாம பாத்துக்க."

"ஓட்டை விழுந்தா எல்லாம் எங்கிட்டதானுங்க வரப்போவுது. இப்பவே பழகிக்கட்டும்."

கொட்டகையே சிரித்தது. பாத்திரக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. குண்டான்களைத் திரும்ப நகர்த்தவும் இல்லை.

அக்கா இறந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். நெற்றியில் வைக்க அக்காவின் டப்பாவிலிருந்தே ஒரு கறுத்த காசை எடுத்தார்கள். உறவுக்காரப் பெண் ஒருவர், "இப்பிடியேவா வெக்கறது? புளி எடுத்துட்டு வா" என்று உள்ளே குரல் கொடுத்தார். சந்தையிலிருந்து போன நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "தேய்க்காதீங்க!" என்று கத்தினோம். அழுதுகொண்டிருந்த மகள் மஞ்சுளாவே சிரித்துவிட்டாள். களிம்போடுதான் அக்கா போனார், முழு விலையோடு.

மஞ்சுளா பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடை போட வருவாள். அதற்குள் குத்தகைக்காரர், "இடம் கெம்பம்மாவுக்குக் குடுத்தது, அவளோட முடிஞ்சுது" என்கிறார். அப்பன் பெயரில் இருந்த கடையைப் பிள்ளை பெயருக்கு மாற்றிக்கொண்டவர்கள் கொட்டகையில் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

என்னிடம் இருப்பது அக்கா தேய்த்துக் கெடுத்த காசுகளில் ஒன்று. யாரும் வாங்கமாட்டார்கள். அதைத் தார்ப்பாயின் நடுவே வைத்து, சுற்றிலும் என் சார்ஜர்களைப் பரப்பி, போன சந்தையில் அக்கா இடத்தில் உட்கார்ந்தேன். இந்த வாரமும் உட்காருவேன், இடம் கைமாறாமல் இருக்க. பாத்திரக்கடை அண்ணா, அந்த ஒரு முழத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மஞ்சுளாவின் மூட்டை பெரியது.