டாக்டர் சிவசம்புவின் இரண்டு நிபுணர்கள்

முதல் நிபுணராக இருக்கும்போது டாக்டர் சிவசம்பு தட்டச்சு செய்வார். இரண்டாம் நிபுணராகும்போது எழுத்தை இடப்பக்கம் சாய்த்துக் கையால் எழுதுவார். பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவுக்கடையின் மாடியிலிருந்து எண்ணெய் தரும் செம்பனை மரங்களைப் பற்றி அவர் நடத்துகிற ஆய்விதழுக்கு ஒரு விதி உண்டு: வரும் கட்டுரையைப் பெயர் வெளியிடாத நிபுணர் இருவர் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். விதியை அவர் மீறியதே இல்லை. சில சமயம் இருவருக்கும் கருத்து வேறுபாடுகூட வரும். ஆசிரியர் என்ற முறையில் தலையிட்டுச் சமாதானம் செய்துவைப்பார்.

"பேர் தெரிஞ்சா அவங்க பயந்து எழுதுவாங்க பிள்ளை. ரகசியமா இருந்தாத்தான் நியாயம் லா," என்பார் கேட்பவர்களிடம்.

1982இல் அவரே ஒரு கட்டுரை எழுதினார். தாம் கலந்த உரத்தைப் போட்டால் செம்பனைக் குலைகள் இரட்டிப்பாகும் என்றது அது. எடைக்கணக்கு எதுவும் அதில் இல்லை. நிபுணர்கள் கேட்கவும் இல்லை. வெகுவாகப் பாராட்டியிருந்தார்கள். டெங்கில் என்ற ஊரின் பக்கத்துத் தோட்டங்கள் சில அந்த உரத்தைக் கலந்து போட்டன.

கிள்ளானைச் சேர்ந்த விரிவுரையாளர் ரமணி, அப்படியொரு தோட்டத்தில் ஓராண்டு குலைகளை நிறுத்துப் பார்த்தார். இரட்டிப்பு இருக்கட்டும், விளைச்சலே குறைந்திருந்தது. எல்லா எடைகளையும் இணைத்துக் கட்டுரை அனுப்பினார். நிபுணர்கள் நிராகரித்தார்கள். 'அறிஞர் சிவசம்பு அவர்களின் புகழ்பெற்ற முடிவோடு பொருந்தவில்லை' என்றார் ஒருவர். 'எண்கள் அதிகம்' என்று மற்றவர் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆய்விதழ்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ரமணி எழுந்தார்.

"நிபுணர் பேரைப் போடுங்க. எழுதுறவங்க எல்லா அளவையும் காட்டணும். வெளைச்சல் இல்லைன்னு தோட்டத்துல ஆளைக் குறைக்கிறாங்க டாக்டர். வெளையாட்டு இல்ல இது."

கூட்டம் சிவசம்புவைப் பார்த்தது. முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

"எல்லாத்தையும் தொறந்து காட்டணும் லா! மறைச்சா அது சயன்ஸே இல்ல!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பெயர் வெளியே வரும் என்றதும் நிபுணர்கள் இருவரும் மனம் மாறிவிட்டார்கள். அடுத்த இதழிலேயே ரமணியின் கட்டுரை வந்தது. அதன் அடியில், படித்து ஏற்றவர்கள்: டாக்டர் சிவசம்பு, டாக்டர் எஸ். சம்பு.

ரமணி இதழோடு மாடியேறினார்.

"சம்பு யாருன்னு நான் கேக்க வரல டாக்டர். உங்க உரத்தோட எடைக்கணக்கைக் குடுங்க. இங்கயே உக்காந்து பாத்துட்டுப் போறேன்."

"தாராளமா பாரு பிள்ளை. நாமதானே ரூல் போட்டோம்."

சிவசம்பு எழுந்துபோய் இரும்பு அலமாரியை அகலத் திறந்தார். தட்டுகள் எல்லாம் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தன. அவர் சட்டைக் கையை நிதானமாக மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து, அடித்தட்டுக்குள் தோள்வரை கையை நுழைத்துத் தேடத் தொடங்கினார்.