உலக்கை இடித்தால் திரும்புவாள்

மகளுக்குப் பிறந்த இரண்டு நாள் குழந்தையின் காதில் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் குழாயைச் செருகினார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "காது நல்லா கேக்குது ஆயா" என்றாள் நர்ஸ். என்னை ஆயா என்றதைப் பொறுத்துக்கொண்டேன். எனக்கு நான் வளர்ந்த அபிஷேகப்பாக்கம் வீட்டு உலக்கை நினைவுக்கு வந்திருந்தது. சம்பந்தமில்லாதது போலத் தோன்றும், சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், என் பதினேழாவது வயதில், தங்கை செல்வி பிறந்தாள். இத்தனை இடைவெளியில் தங்கையா என்ற வெட்கம் ஒரு வாரம்தான். பிறகு அவள் குப்புறக் கவிழ்ந்தது, தவழ்ந்தது எல்லாவற்றையும் தேதி, மணி போட்டு டைரியில் எழுதினேன். தீபாவளி வெடிக்கும் விழிக்காமல் தூங்கினாள். "என் ரத்தம்பா, பயமே கெடயாது" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா மட்டும் கேட்டார்: "பின்னால நின்னு கூப்ட்டா திரும்புதா?"

"இன்னா இப்பிடி கேட்டுட்ட?" என்று அம்மா கூடத்து உரலில் உலக்கையைப் போட்டார். பக்கத்தில் பாயில் கிடந்த செல்வி திரும்பிச் சிரித்தாள். நர்ஸம்மா இன்னும் தயங்கினார். "தெனம் திரும்புறா. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்" என்றேன் நான். அவர் போய்விட்டார். 'காது நன்றாகக் கேட்கிறது' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன்.

செல்விக்கு இரண்டரை வயதானபோது கூடத்துக்கு சிமெண்டு போட்டார்கள். உரல் தோட்டத்துக்குப் போயிற்று. ஒருநாள் அம்மா அங்கே இடித்துக்கொண்டே கூப்பிட்டார். முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்த செல்வி அசையவில்லை. "இன்னாடி திமிரு" என்று வந்து முதுகில் ஒன்று வைத்தார். அப்போதுதான் திரும்பினாள். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். இத்தனை நாளும் அவள் திரும்பியது தரை அதிர்ந்ததற்கு.

"பொறவியிலயே கேக்கல. மழலை எப்ப நின்னுச்சு?" என்று டவுன் டாக்டர் கேட்டார். டைரியைப் புரட்டினேன். ஆறாம் மாதம்: 'ங்கா என்றாள். அக்காவைத்தான் சொல்கிறாள்.' ஒன்பதாம் மாதம்: 'சத்தம் போடுவது குறைந்துவிட்டது. சமர்த்தாகிவிட்டாள்.'

"அப்பவே வந்திருந்தா..." என்று தொடங்கியவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உரல் போய்விட்டது, அந்த வீடும் இல்லை. செல்வி என்னோடுதான் இருக்கிறாள். என்னைக் கூப்பிடக் காலால் தரையைத் தட்டுவாள். அந்த 'ங்கா'வுக்கு டைரியில் தேதி இருக்கிறது, மணி இருக்கிறது. எப்படிப்பட்ட குரல் என்று மட்டும் நான் எழுதி வைக்கவில்லை.